பிரேக் கத்துவது ஏன்? பழைய மோட்டார் சைக்கிள் முன்கூட்டியே சொல்லும் சேதி

காலை ஆறரை மணி. புத்தகப் பையோடு மகளைப் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டு தமிழ்ப்பள்ளிக்குப் புறப்படுகிறார் ஒரு தந்தை. தாமான் முச்சந்தியில் பிரேக்கை அழுத்துகிறார். ‘கிரீச்ச்ச்...’ என்ற ஓசை வரிசை வீடுகளின் சுவர்களில் மோதித் திரும்புகிறது. எதிர்வீட்டு நாய் குரைக்கிறது. அவரோ அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. "பழைய வண்டி, கத்தத்தான் செய்யும்" என்பது அவர் சொல்லும் சமாதானம்.

பக்கத்து வீட்டுக்காரர் இன்னொரு வழி சொல்லிக் கொடுக்கிறார். "இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், சத்தம் நின்றுவிடும்."

இந்த இரண்டு பேச்சுமே ஆபத்தானவை. முதலாவது, எச்சரிக்கையை அலட்சியம் செய்கிறது. இரண்டாவது, எச்சரிக்கையோடு சேர்த்துப் பிரேக்கையே இல்லாமல் செய்துவிடுகிறது. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். பிரேக் சத்தமும் அப்படித்தான். அந்த ஓசை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிந்துகொண்டால், வண்டிக்குத் தேவை வெறும் துடைப்பா, புதிய பாகமா, அல்லது உடனே ஓட்டுவதை நிறுத்துவதா என்று முடிவு செய்துவிடலாம்.

மலேசியாவில் சாலை விபத்துகளில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். அதே வேளையில், சொந்தப் பயன்பாட்டு மோட்டார் சைக்கிள்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை என்று எதுவும் இல்லை. காப்புறுதியும் சாலை வரியும் கட்டினால் வண்டி சாலையில் ஓடலாம். ஆக, பிரேக் நல்ல நிலையில் உள்ளதா என்று பார்க்க வேண்டிய பொறுப்பு முழுக்க முழுக்க ஓட்டுபவரையே சேர்கிறது.

சத்தம் எப்படிப் பிறக்கிறது?

நம் நாட்டில் ‘கப்சாய்’ என்று அழைக்கப்படும் சிறிய ரக வண்டிகளில், பழையவை பெரும்பாலும் டிரம் பிரேக் கொண்டவை. ஹோண்டா சி70, பின்னர் வந்த ஹோண்டா இஎக்ஸ்-5 போன்றவை இதற்கு எடுத்துக்காட்டு. தோட்டத்திலும் பட்டணத்திலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் இத்தகைய வண்டிகள் ஏராளம்.

டிரம் பிரேக்கின் அமைப்பு எளிமையானது. சக்கரத்தின் நடுவில் கிண்ணம் போன்ற ஓர் இரும்பு உருளை இருக்கிறது. அதுதான் டிரம். அதற்குள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் இருக்கின்றன. அவற்றின் வெளிப்புறத்தில் லைனிங் என்னும் உராய்வுப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். கைப்பிடியை இழுத்தாலோ மிதியை அழுத்தினாலோ, கேம் என்ற சிறு இரும்புத் துண்டு திரும்பி, இரு ஷூக்களையும் விரித்து டிரம்மோடு அழுத்துகிறது. விட்டதும் ஸ்பிரிங்குகள் அவற்றைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடுகின்றன.

இந்த உராய்வு ஒரே சீராக நடந்தால் சத்தமே வராது. ஆனால் லைனிங் டிரம்மைப் பற்றுவதும் வழுக்குவதுமாக, ஒரு விநாடியில் பல நூறு முறை, சில வேளைகளில் பல்லாயிரம் முறை மாறி மாறி நடந்தால் ஷூ அதிர்கிறது. அந்த அதிர்வை டிரம் வாங்கிக்கொண்டு மணியைப் போல் ஒலிக்கிறது. கரும்பலகையில் சுண்ணக்கட்டி சில நேரம் கிறீச்சிடுகிறதே, அதே தத்துவம்தான். கட்டியைச் சற்று வேறு சாய்வில் பிடித்தால் சத்தம் நின்றுவிடும். பிரேக்கிலும் மேற்பரப்பு, அழுத்தம், பொருத்தம் ஆகிய மூன்றில் ஒன்றைச் சரி செய்தால் சத்தம் அடங்குகிறது.

ஓசையைப் பிரித்தறியுங்கள்

*மெல்லிய, கூர்மையான ‘கீச்’ ஒலி:* காலையில் முதல் மூன்று நான்கு முறை பிரேக் போடும்போது மட்டும் கேட்டு, பிறகு மறைந்துவிட்டால் கவலை வேண்டாம். இரவு மழையிலும் பனியிலும் டிரம்மின் மேல் மெல்லிய துரு படிகிறது. சில முறை பிரேக் போட்டதும் அது தேய்ந்து போய்விடும். நாள் முழுவதும் தொடர்ந்து கேட்டால், உள்ளே தூசு சேர்ந்திருக்கிறது அல்லது லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடி போல் வழவழப்பாகிவிட்டது என்று பொருள். செம்மண் பாதையில் ஓடும் தோட்டத்து வண்டிகளில் தூசு மிக விரைவாகச் சேரும்.

*‘கர்ர்... கர்ர்...’ என்று இரும்பை இரும்பு அறுக்கும் ஒலி:* லைனிங் முழுவதும் தேய்ந்து, ஷூவின் உலோகப் பகுதியே டிரம்மைச் சுரண்டுகிறது. இது நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடும் விஷயமல்ல. வண்டியை அந்த இடத்திலேயே நிறுத்துவது நல்லது. இந்த நிலையில் ஓட்டினால் ஷூவோடு போக வேண்டிய செலவு, டிரம்மையும் சக்கர மையத்தையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

*பிரேக் போடாமலேயே கேட்கும் ஒலி:* ஷூ டிரம்மை விட்டு விலகாமல் உரசிக்கொண்டிருக்கலாம், அல்லது சக்கரத்தின் பேரிங் பழுதாகியிருக்கலாம். முன்சக்கரமாக இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு. வேகமானிக்கான சிறு பற்சக்கரம் முன் பிரேக் தட்டுக்குள்தான் இருக்கிறது. அதில் கிரீஸ் வற்றினாலும், வேகமானிக் கேபிள் காய்ந்துபோனாலும் குருவி கத்துவதுபோல் ஓசை வரும். பிரேக்கின் மேல் பழியைப் போட்டு ஷூவை மாற்றியவர்கள், சத்தம் அப்படியே இருப்பதைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

முன்னாலா, பின்னாலா?

ஓசை எந்தச் சக்கரத்திலிருந்து வருகிறது என்று ஓட்டுபவரின் காது சில நேரம் ஏமாந்துவிடும். வாகனம் இல்லாத, ஈரமில்லாத பாதையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் சென்று, முதலில் பின் பிரேக்கை மட்டும் மெதுவாக அழுத்த வேண்டும். அடுத்த முறை முன் பிரேக்கை மட்டும் மெதுவாகப் பிடிக்க வேண்டும். எதில் சத்தம் வருகிறதோ அந்தச் சக்கரத்தைத்தான் பார்க்க வேண்டும்.

பிறகு வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். முன்சக்கரம் தரையில் பட்டால் இன்ஜினுக்கு அடியில் உறுதியான மரக்கட்டை வைத்துத் தூக்கிக்கொள்ளலாம். முன்சக்கரம் தங்குதடையின்றிச் சுழல வேண்டும். பின்சக்கரம் சங்கிலியையும் சேர்த்து இழுப்பதால் சற்றுக் கனமாகச் சுற்றும். எதிலும் ஓரிடத்தில் மட்டும் இறுகி, மற்ற இடத்தில் தளர்ந்தால் டிரம் வட்டம் கெட்டிருக்கலாம். சக்கரத்தின் மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் பிடித்து ஆட்டும்போது ‘டக் டக்’ என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கைச் சோதிக்க வேண்டும்.

இன்னொரு சோதனைக்குக் கழற்றவே தேவையில்லை. பல வண்டிகளில் பிரேக் கைக்கு அருகே சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக் தட்டில் அதற்கு எதிரே ஒரு குறி இருக்கும். பிரேக்கை முழுவதும் அழுத்தும்போது அம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால், ஷூவின் ஆயுள் முடிந்துவிட்டது. நட்டைத் திருகித் திருகிக் காலத்தை ஓட்டுவதில் இனிப் பயனில்லை.

எண்ணெய் விட்டால் என்ன நடக்கும்?

பிரேக்கின் வேலையே உராய்வதுதான். எண்ணெயின் வேலை உராய்வைக் குறைப்பது. எனவே லைனிங்கில் எண்ணெயோ, துரு நீக்கும் தெளிப்புத் திரவமோ பட்டால் சத்தம் நிற்கும், ஆனால் வண்டி நிற்காது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைப் பிடிப்பதற்குள்ளேயே இந்தத் தூரம் கடந்துவிடும். அதன்பின், நல்ல பிரேக் விநாடிக்கு விநாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால், வண்டி மேலும் 23 மீட்டரில் நின்றுவிடும். எண்ணெய் பட்டுப் பிரேக்கின் வலு பாதியாகக் குறைந்தால் அதே வண்டி நிற்க 46 மீட்டர் தேவைப்படும். கூடுதலான அந்த 23 மீட்டருக்குள் ஒரு லாரியின் பின்புறமோ, பள்ளி வாசலில் சாலையைக் கடக்கும் ஒரு குழந்தையோ இருக்கலாம்.

யாரும் எண்ணெய் விடாமலேயே அது உள்ளே போவதும் உண்டு. சங்கிலிக்கு அளவுக்கு மீறி எண்ணெய் தெளிப்பது, பேரிங்கில் கிரீஸை அடைத்து வைப்பது, முன் போர்க்கின் சீல் கிழிந்து எண்ணெய் வழிவது ஆகியவை வழக்கமான காரணங்கள். எண்ணெய் ஊறிய ஷூவைத் தீயில் காட்டி எரித்துவிட்டு மீண்டும் போடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது தவறு. மேலே எரிந்தாலும் உள்ளே ஊறியது சூட்டில் மீண்டும் வெளியே வரும். சூட்டினால் லைனிங்கை ஒட்டியிருக்கும் பசையும் வலுவிழக்கும். எண்ணெய் ஊறிய ஷூவை எறிந்துவிட்டு, எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்து அதைச் சரி செய்வதே முறை.

கழற்றித் துடைக்கும் முறை

கைவேலை தெரிந்தவர் இதை வீட்டிலேயே செய்யலாம். தெரியாதவர் பட்டறைக்குக் கொண்டு செல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை. ஆனால் என்ன செய்கிறார்கள் என்று அருகில் நின்று பார்ப்பது நல்லது.

முன்சக்கரத்துக்கு, பிரேக் கேபிளையும் வேகமானிக் கேபிளையும் கழற்றிவிட்டு, அச்சின் நட்டைத் தளர்த்தி அச்சை உருவினால் சக்கரம் கையோடு வந்துவிடும். பின்சக்கரத்தில் பிரேக் கம்பியின் நட்டையும், பிரேக் தட்டைப் பிடித்திருக்கும் தாங்குகையின் போல்ட்டையும் கழற்ற வேண்டும். ஹோண்டா கப்சாய் ரகங்களில் சங்கிலியைக் கழற்றாமலேயே பின்சக்கரத்தை வெளியே எடுக்க முடியும். எந்தத் துண்டு எந்தப் பக்கம் இருந்தது என்பதைக் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

பிரேக் தட்டைத் திறந்ததும் கறுப்புத் தூசு கொட்டும். பலர் அதை வாயால் ஊதுகிறார்கள், அல்லது காற்றுக் குழாயால் அடிக்கிறார்கள். இரண்டும் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் சேர்க்கப்பட்டது. அதன் நுண்ணிய இழை நுரையீரலுக்குள் சென்றால், பல ஆண்டுகளுக்குப் பிறகு புற்றுநோயாக வெளிப்படக்கூடும். எந்த லைனிங்கில் அது இருக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எனவே முகக்கவசம் அணிந்து, சவர்க்காரம் கலந்த நீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எறிவதே பாதுகாப்பு.

அடுத்து லைனிங்கின் தடிப்பைப் பார்க்க வேண்டும். மிகவும் தேய்ந்த இடத்தில் 2 மில்லிமீட்டரை நெருங்கிவிட்டால் இரண்டு ஷூக்களையும் ஒருசேர மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. விரிசல் விட்டிருந்தாலும், ஓரம் உரிந்திருந்தாலும் தடிப்பைப் பார்க்காமல் மாற்றிவிட வேண்டும். டிரம்முக்கும் வரம்பு உண்டு. அனுமதிக்கப்பட்ட உச்ச விட்டம் பெரும்பாலும் சக்கர மையத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதைத் தாண்டிவிட்டால் புதிய ஷூவும் சரியாகப் பிடிக்காது.

லைனிங் தடிப்பாக இருந்து, மேற்பரப்பு மட்டும் பளபளத்தால், அதைச் சற்று நனைத்து உப்புத்தாளால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பளபளப்பு போய் மங்கலான நிறம் தெரிந்தால் போதும். டிரம்மின் உட்புறத்தையும் அவ்வாறே லேசாகத் தேய்த்து, பிரேக் துப்புரவுத் திரவத்தால் துடைக்கலாம். பெட்ரோல், மண்ணெண்ணெய் வேண்டாம். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறமிருக்க, மண்ணெண்ணெய் வழுவழுப்பான படலத்தையும் விட்டுச் செல்லும்.

இனித்தான் பலரும் மறந்துவிடும் வேலை வருகிறது. கேமும், ஷூக்களின் மறுமுனை தாங்கி நிற்கும் ஊசியும் காய்ந்து துருப்பிடித்திருந்தால் ஷூ சீராக விரியாது, சீராகத் திரும்பாது. சத்தத்துக்கு இது முக்கியக் காரணம். அவற்றைத் துடைத்து, சூடு தாங்கும் கிரீஸை மிக மெல்லியதாகத் தடவ வேண்டும். அரிசி மணி அளவு போதும். பிரேக்கின் உள்ளே கிரீஸ் படக்கூடிய இடம் இவ்விரண்டு மட்டுமே. அதிகமாகத் தடவினால் சூட்டில் உருகி லைனிங்கில் வழியும். ஸ்பிரிங்குகள் தொய்ந்திருந்தால் அவற்றையும் மாற்ற வேண்டும்.

பூட்டும்போது கவனம்

பழுது பார்த்ததைவிடப் பூட்டியதில் நேரும் தவறே பெரிய ஆபத்து. முன் பிரேக் தட்டில் உள்ள பள்ளம், போர்க்கில் உள்ள புடைப்பில் சரியாக உட்கார வேண்டும். பின்சக்கரத்தில் தாங்குகையின் போல்ட்டை இறுக்கி, அதன் பாதுகாப்பு ஊசியைப் போட வேண்டும். இவற்றை மறந்தால், பிரேக் போட்டவுடன் தட்டும் சக்கரத்தோடு சேர்ந்து சுற்ற முயன்று, சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

அச்சின் நட்டைக் கடைசியாக இறுக்கும்போது இன்னொருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்வது நல்ல உத்தி. அப்போது ஷூக்கள் டிரம்மின் நடுவே சமமாக அமர்ந்துகொள்கின்றன. இந்த ஒரு காரியத்தாலேயே பல வண்டிகளில் கீச்சொலி நின்றுவிடுவதுண்டு.

அதன்பின் தளர்வைச் சரி செய்ய வேண்டும். பொதுவாக முன் கைப்பிடியின் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர், பின் மிதியில் 20 முதல் 30 மில்லிமீட்டர் தளர்வு இருந்தால் போதுமானது. தளர்வே இல்லாமல் இறுக்கினால் ஷூ எந்நேரமும் உரசி, சூடேறி, மீண்டும் பளபளப்பாகிச் சத்தம் போடும். பின் பிரேக் விளக்கு சரியான நேரத்தில் எரிகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

புதிய ஷூ உடனே முழு வலுவோடு பிடிக்காது. முதல் நாளில் ஆளில்லாத பாதையில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து மெதுவாகப் பிரேக் போட்டு வேகத்தைக் குறைப்பதை இருபது முறை செய்தால் லைனிங் டிரம்மோடு படிந்துவிடும். அதுவரை பின்னால் யாரையும் ஏற்றாமல் இருப்பது நல்லது.

டிஸ்க் பிரேக் என்றால்?

சற்றுப் பிந்திய வண்டிகளில் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருக்கும். அதிலும் கதை ஏறக்குறைய இதேதான். பேட் தேய்ந்துவிட்டதா என்று அதில் உள்ள குறிக்கோட்டைப் பார்த்து அறியலாம். பேட்டுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய தகடு, அதிர்வை அடக்குவதற்காகவே வைக்கப்பட்டது. பேட் மாற்றும்போது அதைத் தேவையில்லை என்று எறிந்துவிட்டால் அன்றிலிருந்தே சத்தம் தொடங்கிவிடும். காலிபர் நகரும் ஊசிகள் துருப்பிடித்தாலும் ஒரு பேட் மட்டும் உரசிக் கத்தும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. மூடியில் எழுதியுள்ள ரகத்தையே வாங்கி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

மழையும் மலையும்

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளுக்குத் தனிக் கவனம் தேவை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கை உலுக்கிய வெள்ளத்தின்போது எண்ணற்ற மோட்டார் சைக்கிள்கள் சேற்று நீரில் கிடந்தன. இன்ஜினில் தண்ணீர் புகுந்ததா என்று எல்லாரும் பார்ப்பார்கள். டிரம்முக்குள் புகுந்த வண்டலைப் பார்ப்பவர்கள் குறைவு. அந்த வண்டல் அரம்போல் லைனிங்கை அராவிவிடும். மூழ்கிய வண்டியின் இரு சக்கரங்களையும் கழற்றித் துடைக்காமல் சாலைக்குக் கொண்டு வரக்கூடாது.

கேமரன் மலையிலிருந்து ரிங்லெட் வழியாகத் தாப்பாவுக்கு இறங்கும் பாதை போன்ற நீண்ட இறக்கங்களில், பின் பிரேக்கை மிதித்தபடியே வருவது பலரின் வழக்கம். டிரம் கொதித்து, லைனிங் பளபளப்பாகி, வழியிலேயே பிடிப்புக் குறைந்துவிடும். கியரைக் குறைத்து, இன்ஜினின் பிடிமானத்தில் இறங்கி, தேவையான இடத்தில் மட்டும் இரு பிரேக்கையும் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழாது.

ஒரு ஜோடி பிரேக் ஷூவின் விலை, ஒரு குடும்பம் ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவைவிட அதிகமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரு சக்கரங்களையும் பார்த்து முடித்துவிடலாம். திங்கட்கிழமை காலை அதே முச்சந்தியில் வண்டி சத்தமின்றி நிற்கும். அந்த அமைதி எண்ணெயால் வந்ததாக இல்லாமல், சரியான பிரேக்கால் வந்ததாக இருக்கட்டும். பின்னிருக்கையில் புத்தகப் பையோடு அமர்ந்திருக்கும் பிள்ளை நம்பியிருப்பது அந்தப் பிரேக்கைத்தான்.